சந்தா, நுழைவுச்சீட்டு, ஊர்வரி: தமிழ் நாடகக் குழுக்களின் நிதித்திரட்டல் முறைகள்

முன்னுரை

தமிழ் நாடக வரலாறு பெரும்பாலும் ஆசிரியர், நடிகர், பனுவல் ஆகிய மூன்றையும் மையமிட்டே எழுதப்பட்டுள்ளது. ஒரு நாடகம் மேடையேறுவதற்கு வேண்டிய பணம் எவரிடமிருந்து, எப்பொழுது வந்தது என்னும் வினா அவ்வரலாற்றின் ஓரத்திலேயே நிற்கிறது. பேசும்படத்தின் வரவால் மேடை நாடகம் நலிந்தது என்னும் பொதுக்கருத்தும் இவ்வினாவை எழுப்பாததன் விளைவே ஆகும். 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்த பின்னர் நலிந்த நாடக முறைகளும் உள. இன்றளவும் விடிய விடிய ஆடப்படுபவையும் உள. இவ்வேறுபாட்டை நிதித்திரட்டல் முறைகளின்வழி விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

சந்தாவழி நாடகம்

பெல்லாரியிலிருந்து வந்த கிருஷ்ணமாசார்யுலு குழுவினரின் தெலுங்கு நாடகங்களைக் கண்ட தூண்டுதலால், 1891இல் பம்மல் சம்பந்த முதலியாரும் அவர்தம் நண்பர்களும் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினர். வழக்கறிஞர், அரசு அலுவலர் முதலிய கற்றோரே இதன் உறுப்பினர். அவர்கள் நடிப்பைப் பிழைப்பாகக் கொள்ளாதவர்கள். உறுப்பினர் சந்தா சபைக்கு அடிப்படையாகவும், நுழைவுச்சீட்டு வருவாய் அதற்குத் துணையாகவும் அமைந்தன. எனவே ஒரு நாடகம் வசூலில் தோற்றாலும் எவருடைய வீட்டிலும் உலை நிற்கவில்லை. ‘அமலாதித்யன்’, ‘வாணீபுர வணிகன்’ போன்ற ஷேக்ஸ்பியர் தழுவல்களை மேடையில் சோதித்துப் பார்க்கும் துணிவை இப்பாதுகாப்பு தந்தது எனலாம். ஆயினும் சபை காலப்போக்கில் மனமகிழ் மன்றமாக மாறியது. சந்தா நிறுவனத்தைக் காத்தது, நாடகத்தைக் காக்கவில்லை.

நுழைவுச்சீட்டுவழி நாடகம்

தொழில்முறைக் கம்பெனிகளின் நிலை இதற்கு நேர்மாறானது. 1918இல் மதுரையில் உருவான தத்துவ மீனலோசனி வித்துவ பால சபைக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) ஆசிரியராக விளங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் இச்சபையிலேயே பயின்றனர். இத்தகைய பாலர் கம்பெனிகளில் சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே உண்டு, உறங்கி, பாடம் கேட்டனர். நாடகம் நடவாத நாளிலும் உணவு, வாடகை, சம்பளம் ஆகிய செலவுகள் நிற்பதில்லை. வரவோ அன்றைய இரவின் சீட்டு விற்பனையை நம்பியிருந்தது. மழை பெய்தால் வரவு குறையும், செலவு குறையாது.

திரைப்படம் இம்முறையைத் தாக்கிய இடம் கவனத்திற்குரியது. அது நாடகத்தின் கொட்டகையையும் பார்வையாளரின் சீட்டுப் பணத்தையும் ஒருசேரப் பங்கு கேட்டது. ஒரு படத்தின் பிரதிகள் ஒரே இரவில் பல ஊர்களில் ஓடும். ஒரு கம்பெனி ஒரூரில் மட்டுமே ஆட இயலும். மேலும், 1939ஆம் ஆண்டுச் சென்னைக் கேளிக்கை வரிச்சட்டம் நுழைவுக் கட்டணத்தை அடிப்படையாகக் கொண்டே வரி விதித்தது. சீட்டு விற்காத கூத்துக்களத்தை இவ்வரி தொடவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஊர்வரிவழி நாடகம்

வடதமிழகத்தில் திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாவில் தெருக்கூத்து இடம்பெறுகிறது. ஊர்க்கூட்டம் கூடித் தலைக்கட்டுக்கு இவ்வளவு என வரி முடிவு செய்யும். கூத்து வாத்தியாரிடம் வெற்றிலைபாக்குடன் முன்பணம் வைத்து நாள் உறுதி செய்யப்படும். ஆட்டம் தொடங்கும் முன்பே செலவிற்கு ஊர் பொறுப்பேற்றுவிடுவதால், பார்வையாளர் எண்ணிக்கை குழுவின் ஊதியத்தைத் தீர்மானிப்பதில்லை. களத்தில் தரப்படும் அன்பளிப்புகள் கொடுத்தவரின் பெயர் சொல்லி அறிவிக்கப்படுகின்றன. அர்ச்சுனன் தபசில் மரத்தின் மேலிருந்து எறியப்படும் எலுமிச்சம்பழத்தைப் பிள்ளை வரம் வேண்டுவோர் ஏந்திக்கொள்கின்றனர். வேண்டுதலுக்கும் மழைக்கும் ஊர்நலத்துக்குமாக நடத்தப்படும் கூத்து, கேளிக்கைச் செலவாகக் கணக்கிடப்படுவதில்லை.

தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகம் இவ்விளக்கத்திற்கு வலுவான சான்றாகிறது. மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களின் நடிகர் சங்கங்களைச் சார்ந்த கலைஞர்களைத் தனித்தனியே ஒப்பந்தம் செய்து, விழாக்குழுவினர் ஓரிரவு நாடகம் நடத்துகின்றனர். அவற்றுள் மிகுதியும் ஆடப்படுவது சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வந்த ‘வள்ளி திருமணம்’. கம்பெனிகள் மறைந்தன, அவை ஆடிய நாடகம் மறையவில்லை. மக்களின் சுவை மாறியதே நலிவிற்குக் காரணம் எனில், அதே நாடகம் திருவிழா மேடையில் நிலைத்திருப்பதற்கு விளக்கம் கூற இயலாது. மாறியது பணம் வரும் வழியே ஆகும்.

ஆயினும் ஊர்வரியை மாசற்ற பொதுமையாகக் கருதுதல் பொருந்தாது. எவரிடம் வரி வாங்கப்படுகிறதோ அவர்க்கே விழாவில் உரிமை உண்டு. பல ஊர்களில் தலித் குடிகளிடம் வரி வாங்காமை சலுகையாகக் கொள்ளப்படவில்லை. அது விலக்கி வைத்தலின் வடிவமாகவே இருந்துள்ளது. மேலும், சடங்கோடு பிணைப்புறாத விழா இரவுகளில் அதே வரிப்பணம் திரையிசைக் கச்சேரிக்கும் செல்கிறது.

முடிவுரை

சந்தா சோதனைக்கு இடமளித்தது. ஆனால் நாடகத்தைக் கட்டாயமாக்கவில்லை. நுழைவுச்சீட்டு தொழிற்கலைஞரை உருவாக்கியது. ஆனால் இழப்பு முழுவதையும் அவர்கள்மேல் சுமத்தியது. ஊர்வரி அவ்விழப்பை ஊர் முழுவதற்கும் பகிர்ந்தளித்தது. ஆனால் ஊர் என்பது எவர் என வரையறுக்கும் அதிகாரத்தையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. ஆகவே விழாக்குழுக்களின் வரவு செலவு ஏடுகள், அழைப்பிதழ்கள், ஒப்பந்தத் தாள்கள் ஆகியனவும் நாடக வரலாற்றின் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்பட வேண்டும். எவருடைய பெயர் வரியேட்டில் இல்லை என்பதையும் அவ்வரலாறு பதிவு செய்தல் வேண்டும்.