8,192இல் ஒன்று: அரிய உயிரியைத் தேடிய மீள்முயற்சிகளின் வரலாறு

முதல் போக்கிமான் விளையாட்டில் மியூட்டூ என்னும் உயிரி ஒரு குகையின் ஆழத்தில் ஒரே ஒரு முறைதான் எதிர்ப்படும். அதை வீழ்த்திவிட்டால் மீண்டும் வராது. எனவே விளையாடுவோர் அதன் முன்னே நின்று ஆட்டத்தைச் சேமித்துக்கொள்வர். பின்னர் போரிட்டுப் பிடிப்பர். பிடிக்க முடியாமல் போனாலோ, பிடித்தபின் அதன் திறன் எண்கள் மனத்துக்கு ஒவ்வாமல் இருந்தாலோ, கேம் பாயின் ஏ, பி, ஸ்டார்ட், செலக்ட் ஆகிய நான்கு பொத்தான்களையும் ஒருசேர அழுத்துவர். கருவி தொடக்கத்துக்குத் திரும்பும். மியூட்டூ பழைய இடத்திலேயே, நிகழ்ந்தது எதையும் அறியாமல் நிற்கும்.

இந்த எளிய செயலை ரீசெட் என்பர். நூறு முறை, ஆயிரம் முறை, சிலர் பல்லாயிரம் முறை இதைச் செய்திருக்கின்றனர். இதன் வரலாறு விளையாட்டின் வரலாறு மட்டுமன்று. ஒரு பொருளின் மதிப்பு அப்பொருளிலேயே இருக்கிறதா, அதை அடைந்த வழியில் இருக்கிறதா என்ற பழைய கேள்வி இதில் புதிய வடிவம் பெறுகிறது.

இதன் வேர் கணினிக்கு வெளியே உள்ளது. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில், ஒரு பாத்திரத்தின் ஆறு திறன்களும் மூன்று பகடைகளின் கூட்டுத்தொகையால் அமைந்தன. மிக உயர்ந்த 18 விழும் வாய்ப்பு 216இல் 1. விழுந்ததை ஏற்பதா, மீண்டும் உருட்டுவதா என்ற சபலம் அங்கேயே பிறந்துவிட்டது. 1979இல் வெளியான நடுவர் கையேடு, நான்கு பகடைகளை உருட்டி மிகக் குறைந்ததை விலக்கும் முறைக்கு இடம் கொடுத்தது. ஆசைக்கு விதியே வழிவிட்ட முதல் சலுகைகளுள் இஃது ஒன்று. 1980ஆம் ஆண்டின் ரோக் என்னும் கணினி விளையாட்டு நேர்மாறான வழியில் சென்றது. சேமித்த கோப்பைத் திறந்த உடனேயே அது அழித்துவிடும். ஆகவே பழைய நிலைக்குத் திரும்ப இயலாது. பின்வந்த நாற்பது ஆண்டுகளும் இவ்விரு நிலைகளுக்கு இடையிலான ஊசலாட்டமே.

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் போக்கிமானின் சிவப்பு, பச்சைப் பதிப்புகள் வெளியாயின. அதைப் படைத்த சதோஷி தஜிரி, தோக்கியோவை ஒட்டிய மச்சிதாவில் சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்தவர்; அந்த அனுபவமே விளையாட்டின் விதை. ஒரே இனத்து வண்டுகள் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதுபோல ஒவ்வொரு போக்கிமானுக்கும் தாக்குதல், தற்காப்பு, வேகம், சிறப்புத்திறன் ஆகிய நான்குக்கும் 0 முதல் 15 வரையிலான எண் ஒன்று பிறக்கும்போதே எழுதப்படுகிறது. உயிராற்றலின் எண் இந்நான்கிலிருந்தே பெறப்படுகிறது. மொத்தச் சேர்க்கைகள் 65,536. இந்தப் பிறவி எண்களைத் திரை காட்டாது. விளையாடுவோர்தாம் வெளித்தெரியும் திறன்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டறிய வேண்டும். ஜப்பானியர் இவ்வெண்ணைத் தனியுயிரின் மதிப்பு என்னும் பொருளில் கொதாய்ச்சி என்றனர். நல்லதைத் தேர்ந்து மற்றதைக் கழிக்கும் செயலைக் கென்சென் என்றனர். தேர்ந்த அரிசி, தேர்ந்த தேயிலை பற்றிய விளம்பரங்களில் வழங்கும் சொல் அது.

1999 நவம்பரில் வந்த தங்கம், வெள்ளிப் பதிப்புகள் ஷைனி என்னும் வேற்று நிற உயிரியை அறிமுகம் செய்தன. ஓர் ஏரியில் எதிர்ப்படும் சிவப்பு கியாரடோஸ் எல்லார்க்கும் கிடைக்கும். ஏனையவை 8,192இல் 1 என்ற அளவில்தான் தோன்றும். இவ்வெண் தற்செயலாக அமைந்ததன்று. தற்காப்பு, வேகம், சிறப்புத்திறன் மூன்றும் சரியாக 10 ஆகவும், தாக்குதல் குறிப்பிட்ட எட்டு எண்களுள் ஒன்றாகவும் இருந்தால் நிறம் மாறும். இதில் ஒரு முரண் ஒளிந்திருந்தது. மூன்று எண்கள் 10இல் நின்றாக வேண்டியிருப்பதால் ஷைனி உயிரி ஒருபோதும் முழுத்திறன் பெற இயலாது. அழகு வேண்டுமெனில் வலிமையில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க வேண்டும்.

2002இல் வந்த ரூபி, சஃபையர் பதிப்புகள் அந்த முடிச்சை அவிழ்த்தன. நிறம் வேறு கணக்காயிற்று. பிறவி எண்கள் ஆறாயின. ஒவ்வொன்றும் 0 முதல் 31 வரை விரிந்தது. இவற்றுடன் 25 வகை இயல்புகளும் சேர்ந்தன. ஆறு எண்களும் 31 ஆக அமையும் வாய்ப்பு ஏறத்தாழ 107 கோடியில் 1. விரும்பிய இயல்பும் வேண்டுமெனில் 2,684 கோடியில் 1. ஒரு முயற்சிக்கு ஒரு நிமிடம் என ஓய்வின்றி விளையாடினாலும், இயல்பைக் கருதாமலேயே, 107 கோடி முயற்சிகளுக்கு 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே ரீசெட் செய்தவரின் உண்மையான திறமை பொறுமையில் மட்டும் இருக்கவில்லை. எங்கே நிறுத்துவது, எந்தக் குறையை ஏற்பது என்று முடிவெடுப்பதிலும் இருந்தது. உயர்ந்த எண்தான் எப்போதும் உகந்தது என்றும் சொல்வதற்கில்லை. மெதுவான உயிரி முதலில் செயல்படும் போர்முறை ஒன்று உண்டு. அதற்கு வேகத்தின் பிறவி எண் 0 ஆக இருப்பதே சிறப்பு.

நிகழ்தகவு இங்கே பலரை ஏமாற்றியது. 8,192 முறை முயன்றால் ஒன்றாவது கிடைத்தே தீரும் என்று நம்பியோர் பலர். அத்தனை முறை முயன்ற பின்னும் ஒன்றும் கிடைக்காதிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு. முந்தைய தோல்விகள் அடுத்த முயற்சிக்குச் சிறிதும் உதவுவதில்லை. பத்தாயிரமாவது ரீசெட்டும் முதலாவதைப் போன்றதே.

ஆனால் கணினியின் பகடை மெய்யான பகடையன்று. கணிதவியலர் டி. எச். லெமர் 1949இல் முன்வைத்த முறையை ஒட்டி, முந்தைய எண்ணைப் பெருக்கி, ஒரு மாறிலியைக் கூட்டி, அடுத்த எண்ணைப் பெறும் சூத்திரமே இந்த விளையாட்டுகளில் இயங்கியது. தொடக்க எண் தெரிந்தால் வரிசை முழுதும் தெரிந்துவிடும். 2004இல் வந்த எமரால்ட் பதிப்பில் ஒரு பிழை நேர்ந்தது: கருவியை இயக்கும்போதெல்லாம் வரிசை பூஜ்யத்திலிருந்தே தொடங்கியது. திரை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதுப்பிக்கப்பட, ஒவ்வொரு முறையும் வரிசை ஓரடி நகரும். விரும்பிய உயிரி 1 லட்சமாவது இடத்தில் உள்ளதெனக் கணக்கு காட்டினால், கருவியை இயக்கி ஏறத்தாழ 28 நிமிடம் காத்திருந்து உரிய கணத்தில் பொத்தானை அழுத்தினால் போதும். அதிர்ஷ்டம் கடிகார வேலையாயிற்று.

அந்தக் கணக்கு கசப்பான உண்மை ஒன்றையும் வெளிக்கொணர்ந்தது. வரிசையில் உள்ள இடங்கள் ஏறத்தாழ 429 கோடி. ஆறு எண்களின் சேர்க்கைகள் 107 கோடி. எனவே ஒரு சேர்க்கைக்குச் சராசரியாக நான்கே இடங்கள். இயல்புகளோ 25. குகையில் நிற்கும் அரிய உயிரியைப் பொறுத்தவரை, ஒரு குறிப்பிட்ட சேர்க்கையும் ஒரு குறிப்பிட்ட இயல்பும் ஒருங்கே அமைந்த வடிவங்களுள் பெரும்பாலானவை அந்த உலகில் பிறக்கவே இயலாதவை. சூத்திரம் ஒருபோதும் தராத ஒன்றை எதிர்பார்த்து இரவெல்லாம் பொத்தான் அழுத்தியோர் இருந்திருப்பர். அதை அவர்களுக்குச் சொல்ல அந்தக் கருவியில் எந்த வழியும் இல்லை.

படைத்தோரும் இந்த உழைப்பைக் கவனித்தே வந்தனர். 2006ஆம் ஆண்டின் டயமண்ட், பேர்ல் பதிப்புகளில், வெவ்வேறு மொழிப் பதிப்புகளைச் சேர்ந்த இணையின் முட்டையிலிருந்து ஷைனி பிறக்கும் வாய்ப்பு ஐந்து மடங்காயிற்று; இயக்குநர் ஜூனிச்சி மசுதாவின் பெயரால் அது மசுதா முறை எனப்பட்டது. 2010இல் ரெஷிராம், செக்ரோம் இரண்டும் எத்தனை ரீசெட் செய்தாலும் நிறம் மாறாதபடி பூட்டப்பட்டன. 2013இல் ஷைனி வாய்ப்பு 4,096இல் 1 ஆக உயர்ந்தது. தொன்ம உயிரிகளுக்கு மூன்று பிறவி எண்களேனும் முழுமையாக அமையும் என்ற உறுதியும் வந்தது. 2016இல், நூறாம் நிலையை எட்டிய உயிரிக்குப் பாட்டில் மூடி ஒன்றைக் கொடுத்தால் குறைந்த எண்ணை முழு எண்ணாகக் கொள்ளும் பயிற்சி கிடைத்தது. 2019இல் இயல்பின் விளைவையும் மாற்ற முடிந்தது. நான்காவது பகடையை அனுமதித்த பழைய கையேட்டின் வழிதான் இது.

அதே காலத்தில் செல்பேசியில் வேறொரு திருப்பம் நிகழ்ந்தது. 2012இல் வந்த பசில் அண்ட் டிராகன்ஸ் போன்ற ஜப்பானிய விளையாட்டுகளில், முதல் குலுக்கலில் நல்ல உயிரி வரும்வரை செயலியை நீக்கி நீக்கி மீண்டும் நிறுவினர். ரீசெட், மாரத்தான் ஆகிய சொற்களைச் சுருக்கி இதற்கு ரிசெமரா என்று பெயரிட்டனர். முதல் குலுக்கலைக் கடந்தபின் சேமிப்பு சர்வரின் கையில். திரும்பிச் செல்ல இயலாது. மறுமுயற்சிக்குப் பணம் வேண்டும். அரிய பொருள்களின் தொகுதியை நிறைவு செய்யத் தூண்டிய கொம்பு காச்சா என்னும் குலுக்கல் முறை சட்டத்துக்குப் புறம்பானது என்று ஜப்பானின் நுகர்வோர் முகமை அதே ஆண்டு மே மாதம் அறிவித்தது. 2016 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்த போக்கிமான் கோவிலும் எண்களைச் சர்வரே வைத்திருக்கிறது. நேரத்தால் செலுத்தப்பட்ட விலை காசாலும் செலுத்தப்படலாயிற்று.

மற்றொரு புறம் போலிகள் பெருகின. ஆக்‌ஷன் ரீப்ளே போன்ற கருவிகளும் பின்வந்த மென்பொருள்களும் முழுநிறைவான உயிரியைச் சில நொடிகளில் உருவாக்கின. 2023இல் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியில் இத்தகைய உயிரிகளைக் கொண்டுவந்த சிலர் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். போட்டிக்குத் தேவையான உயிரிகளைத் திரட்டவே பெருநேரம் செலவாகிறது என்ற வாதம் அப்போது வலுவாக எழுந்தது. அதில் நியாயம் உண்டு. வேலைக்கும் படிப்புக்கும் இடையே விளையாடுவோர்க்கு நூறு மணி நேரம் என்பது சிறிய விலையன்று. பொருந்தாத தடயங்கள் எஞ்சிய போலிகளே பிடிபடும். எல்லா எண்ணும் விதிக்கு இயைந்திருந்தால் அசலும் போலியும் கடைசி இலக்கம்வரை ஒன்றே.

ஆயினும் மக்கள் அவற்றை ஒன்றாகக் கருதுவதில்லை. கருவி தன் ஏட்டில் பிடித்தவரின் பெயர், பிடித்த இடம், அப்போதைய நிலை, பயன்படுத்திய பந்து ஆகியவற்றைக் குறித்துவைக்கிறது. அதற்குமுன் கழிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவை பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. ஒவ்வொரு ரீசெட்டும் தன் தடயத்தைத் தானே அழித்துக்கொண்டது. அந்தக் கணக்கு விளையாடியவரின் நோட்டுப் புத்தகத்திலோ நினைவிலோ மட்டும் எஞ்சுகிறது. கேம் பாய் கேட்ரிட்ஜில் சேமிப்பைத் தாங்கும் மின்கலம் தீர்ந்தால் உயிரியும் மறைந்துவிடும். அப்போது எத்தனையாவது முயற்சியில் அது கிடைத்தது என்று சொல்ல எஞ்சியிருப்பவர் பொத்தானை அழுத்திய மனிதரே.