தலைவனின் கால்

தமிழ் விவிலியத்தில் சங்கீதங்களைப் படித்தவர்களுக்கு ‘இராகத்தலைவன்’ பழகிய பெயர். எபிரேய மூலத்தில் 55 சங்கீதங்களின் தலைப்பில் வரும் அந்தச் சொல் ‘மெனட்சேயாக்’. பாட்டு நடத்துபவரை மட்டும் அது குறிக்கவில்லை. எருசலேம் ஆலயப் பணியில் சுமைகாரர்களையும் கல்வெட்டுவோரையும் வேலைவாங்க சாலொமோன் அமர்த்திய 3,600 கண்காணிகளுக்கும் இரண்டாம் நாளாகமத்தில் இதே பெயர்தான்.

நூன், ட்சாதி, ஹேத் என்ற மூன்று எழுத்துகள் இதன் வேர். அந்த வேரில் கிளைத்த ‘நெட்சாக்’ என்றென்றும் நிலைப்பதைக் குறிக்கும். அரமேயத்தில் அதே வேருக்குப் பிறரை விஞ்சுதல் என்று பொருள். தானியேல் மற்ற அதிகாரிகளைவிட மேம்பட்டதை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். பின்னாளைய எபிரேயத்தில் ‘நிட்சாகோன்’ வெற்றியாயிற்று. இத்தனை பொருள் இருந்ததால் சங்கீதத் தலைப்பை மொழிபெயர்த்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது ‘முடிவுவரை’ என்றானது. எபிரேயத்திலிருந்து நேரே லத்தீனுக்குக் கொண்டுவந்த ஜெரோம் ‘வெற்றியாளனுக்கு’ என்று எழுதினார்.

யூத மறைஞானமான கபாலா, இறைவன் வெளிப்படும் பத்து நிலைகளைச் செஃபிரோத் என்கிறது. அவற்றில் ஏழாவது நெட்சாக். எட்டாவது ‘ஹோத்’, அதாவது மாட்சி. இரண்டு பெயர்களும் முதலாம் நாளாகமத்தில் தாவீது செய்யும் துதியிலிருந்து எடுத்தவை. பத்தையும் மனித உடலாக வரையும்போது நெட்சாக் வலக்கால், ஹோத் இடக்கால். தமிழில் தலையிலிருந்து தலைவன் வந்தான். கபாலாவோ தலைவனைக் குறித்த வேரைக் காலில் கொண்டுபோய் வைத்தது.

கூடாரப் பண்டிகையின் ஏழு நாளுக்கும் ஏழு முன்னோரை விருந்தினராக அழைத்து, ஆளுக்கொரு செஃபிரோத் நிலையோடு இணைப்பது யூத வழக்கம். அதில் நெட்சாக் மோசேக்கு, ஹோத் அண்ணன் ஆரோனுக்கு. யாத்திராகமத்தில் அமலேக்கியரோடு நடந்த போரை நினைத்தால் இந்தச் சோடியின் பொருத்தம் விளங்கும். மோசேயின் கை உயர்ந்திருந்தவரை இஸ்ரயேலர் மேலோங்கினர், தாழ்ந்தபோது பின்வாங்கினர். கை தளர்ந்ததும் அவரைக் கல்லின்மேல் உட்காரவைத்து, ஆரோன் ஒருபுறமும் ஊர் என்பவர் மறுபுறமும் தாங்கிக்கொண்டார்கள். பொழுது சாயும்வரை கை இறங்கவில்லை. அன்றைய வெற்றியில் பாதி, தாங்கியவர்களுடையது. ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்க முடியும்?

இன்றைய எபிரேயத்திலும் பந்தயத்தில் வென்றவர் மெனட்சேயாக். இசைக்குழுவை நடத்துபவரும் மெனட்சேயாக். வென்றவர் பரிசை வாங்கிக்கொண்டு போய்விடலாம். மற்றவர் கடைசிச் சுரம் அடங்கும்வரை நின்றாக வேண்டும்.