குழந்தைகளுக்கு அல்ட்ராசவுண்ட் வழி நரம்பு மரப்பு

அறுவை நடக்கும் கை அல்லது காலுக்குச் செல்லும் நரம்பைத் திரையில் பார்த்தபடியே அதைச் சுற்றி மரப்பு மருந்து செலுத்தும் முறை. வியன்னா மருத்துவர்கள் 1994-இல் பெரியவர்களுக்கும் 2004-இல் குழந்தைகளுக்கும் கைநரம்புப் பின்னலில் இதைச் செய்து ஆய்வுகள் வெளியிட்டனர்.

குழந்தையின் நரம்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது. இரத்தக்குழாயும் பக்கத்திலேயே ஓடும். பெரும்பாலும் குழந்தை மயக்கத்தில் இருக்கும்போதே ஊசி போடுவதால், வலித்தால் அதனால் சொல்ல முடியாது. ஆகவே திரையை நம்பியே கை நகர வேண்டும். ஊசி வெண்கோடாகவும், மருந்து நரம்பைச் சூழும் கருவளையமாகவும் தெரியும். மரப்பு மருந்தான பூபிவகெயின் பொதுவாகக் கிலோ எடைக்கு 2.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது.

கோவையில் மயக்கவியல் மருத்துவர் ஜே.ஜி. சண்முகநாதன் 1978-இல் தொடங்கிய கங்கா மருத்துவமனை கை அறுவைக்கும் பகுதி மரப்புக்கும் பெயர் பெற்றது. இந்தியாவில் மரப்புக்கு மட்டுமே பயன்படும் ஸ்கேன் கருவியையும் கருப்பாலினத் தேர்வுத் தடைச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும்.