ஓலைச்சுவடி முதல் ரீல்ஸ் வரை: திருவதிகை நம்மை வந்தடைந்த கதை



கைபேசியில் "திருவதிகை" என்று தேடிப் பாருங்கள். "வயிற்றுவலி தீர்க்கும் அதிசயக் கோயில்" என்கிற பாணியில் தலைப்பிட்ட குறுங்காணொளிகள் உங்கள் கண்ணில் படக்கூடும். கெடிலக் கரையிலுள்ள நம் வீரட்டானேசுவரர் கோயிலுக்கு இப்படி ஒரு விளம்பரம் கிடைப்பது நல்லதுதானே என்று தோன்றும். பதில் சொல்லும் முன், இந்த ஊரின் பெயர் 1,300 ஆண்டுகளாக எப்படிப் பரவியது என்று பார்ப்போம்.

முதல் ஊடகம் பாட்டு. பக்கத்து ஊரான திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், சமணத்தில் சேர்ந்து தருமசேனர் ஆனார். சூலை நோயால் துடித்தபோது அக்காள் திலகவதியாரைத் தேடித் திருவதிகைக்கு வந்து, இங்கேதான் முதல் பதிகத்தைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். அவரே திருநாவுக்கரசர், 7ஆம் நூற்றாண்டுக்காரர். ஊர் ஊராக நடந்து பாடினார். பாட்டு போன இடமெல்லாம் ஊரின் பெயரும் போனது. "பாடல் பெற்ற தலம்" என்ற சொல்லே அன்றைய முத்திரைதான்.

அந்தப் பெயருக்கு எவ்வளவு மதிப்பு? பின்னால் வந்த சுந்தரர், அப்பர் உழவாரத் தொண்டு செய்த மண்ணைக் காலால் மிதிக்கத் தயங்கி, ஊருக்குள் வராமல் அருகிலிருந்த சித்தவட மடத்தில் தங்கினாராம். வாசலில் நின்று செல்ஃபி எடுத்துத் திரும்பும் நமக்கு இது வியப்பாக இருக்கும்.

அடுத்தது ஓலைச்சுவடி. தில்லையில் பூட்டிக் கிடந்த தேவார ஏடுகளை ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்தபோது, பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்தது என்பது மரபு. மிஞ்சியவற்றுக்குப் பண் அமைக்க, திருஎருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் உதவினாராம். அந்த ஊரும் நம் கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஏடு மட்டும் போதாது, பாடத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதை ராஜராஜன் அறிந்திருந்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் கொட்ட 2 பேரையும் அமர்த்தி, நெல் ஊதியம் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது.

19ஆம் நூற்றாண்டில் தேவாரம் அச்சேறியது. 1967இல் "திருவருட்செல்வர்" படம் வந்தது. அதன்பின் பலருக்கு அப்பர் என்றால் சிவாஜி கணேசன் முகம்தான். பிறகு தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற ஓதுவார்களின் குரல் ஒலிநாடாவில் வீடுகளுக்கு வந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக ஏற்றியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 2007இல் தேவாரத்தை மின்வடிவில் வெளியிட்டது. கரையான் பயம் ஒருவழியாகத் தீர்ந்தது.

2016இல் ஜியோ வந்து டேட்டா மலிவானது. 2020இல் டிக்டாக் தடைசெய்யப்பட்டதும் ரீல்ஸும் ஷார்ட்ஸும் அந்த இடத்தைப் பிடித்தன. இங்கேதான் விதி மாறுகிறது. இதுவரை வந்த ஊடகங்கள் பாட்டைச் சுமந்து வந்தன. குறுங்காணொளிக்கு வேண்டியது வேறு. முதல் சில நொடிகளில் விரல் நிற்க வேண்டும். நிற்க வைப்பது அதிசயமும் பலனும்தான். எது அதிகம் பார்க்கப்படுகிறதோ அதையே செயலி மேலும் மேலும் காட்டும். பண்ணோடு நிதானமாகப் பாடும் ஓதுவார் அந்த வரிசையில் பின்னால் போய்விடுகிறார். நோய் தீர்ந்த செய்தி ஊரெங்கும் பரவ, அந்தப் பாட்டு பின்தங்குகிறது.

அன்று ஏடு அழிந்ததால் பாடல்கள் போயின. இன்று எல்லாப் பாடலும் பத்திரமாக இருக்கிறது, கேட்பார்தான் குறைவு. கேட்பார் இல்லையென்றால் அடுத்த தலைமுறையில் ஓதுவாராக யார் வருவார்?

தொழில்நுட்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குக் கற்றுக்கொடுப்பது நம் விரல்தான். ஓதுவார் பாடும் முழுப் பதிகம் ஒன்றைத் தேடிக் கடைசிவரை கேளுங்கள். நம் வாட்ஸ்அப் குழுவில் "பலன்" காணொளிக்குப் பதில் அதைப் பகிருங்கள். சித்திரைச் சதயத்தன்று, அப்பர் குருபூசை நாளில், பிள்ளைகளோடு கோயிலுக்குப் போய் நேரிலேயே கேளுங்கள். பண்ருட்டிக்கு மிக அருகில்தானே இருக்கிறது!