பைன் காட்டுல ரீல்ஸ் எடுத்தாச்சா? நம்ம மலையோட சொந்த ஊசியிலை மரம் வேற!

தேவாரத்துல நின்னு மேற்கே பார்த்தா, சுவர் எழுப்புன மாதிரி மலை. அடிவாரத்துல முள்ளுக்காடு, ஏற ஏற இலையுதிர் மரங்கள். உச்சியைத் தாண்டி கேரளா பக்கம் இறங்கினா ஏலக்காய்த் தோட்டம், பசுமைமாறாச் சோலை. மலை ஒண்ணுதான். தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கச் சரிவுல கொட்டித் தீர்த்துட்டு, மிச்சம் மீதியைத்தான் நம்ம பக்கம் அனுப்புது.

மலைச்சரிவுல எந்த மரம் எங்கே நிற்கும்ங்கிறதை உயரம், மழை, வெயில் விழும் திசை, நெருப்பு ஆகியவை சேர்ந்துதான் முடிவு பண்ணும். இமயமலையில் இது ரொம்பத் தெளிவாகத் தெரியும். கீழ்ச்சரிவுல சிர் பைன், அதுக்கு மேல தேவதாரு, இன்னும் மேல ஃபிர், ஸ்ப்ரூஸ். எல்லைகள் கலக்குற இடத்துல எல்லாம் சேர்ந்து நிற்கும். அதுதான் கலப்பு ஊசியிலைக் காடு. கூம்பு வடிவத்தால பனி கிளையை ஒடிக்காம வழுக்கி விழுந்துடும். ஊசி இலை மேல இருக்கும் மெழுகுப்பூச்சு தண்ணீரைச் சேமிக்கும்.

‘அப்போ நம்ம கொடைக்கானல் பைன் காடு?’ன்னு கேட்குறீங்களா? அது காடே இல்ல பாஸ், தோட்டம்! அங்கே நிறைய இருக்கும் பைனஸ் படுலா மெக்சிகோவைச் சேர்ந்தது. மரத்துக்காகவும் காகிதக்கூழுக்காகவும் நட்டது. நட்ட இடம் பெரும்பாலும் ‘சும்மா கிடக்குது’ன்னு நினைச்ச புல்வெளி. ஆனா அந்தப் புல்வெளியும் பள்ளத்துச் சோலையும் சேர்ந்துதான் மழையைப் பிடிச்சு வெச்சு ஓடையில கொஞ்சம் கொஞ்சமா விடும். பேரிஜம் ஏரித் தண்ணீர் பெரியகுளத்துக்குக் குடிநீராகப் போகுது. அதனால கொடைக்கானல் மேல நடக்குறது தேனி மாவட்டக் குழாயிலும் தெரியும்.

பழனிமலைப் பகுதியைச் செயற்கைக்கோள் படங்கள் மூலம் ஆராய்ந்து 2018-ல் வெளியான ஆய்வு, சுமார் 40 வருஷத்துல மலைப்புல்வெளியில 66 சதவிகிதமும் சோலையில 31 சதவிகிதமும் போயிடுச்சுன்னு சொல்லுது. மரம் கூடினா இயற்கை கூடுதுன்னு நம்புறவங்களுக்கு இது கொஞ்சம் கசப்பான கணக்குதான்.

அடுத்தது நெருப்பு. சரிவுல தீ மேல்நோக்கித்தான் வேகமா ஓடும். கீழே எரியுற சூடு மேலே இருக்கும் புல்லை முன்னாடியே காயவெச்சுடும். 2018 மார்ச் 11 அன்னிக்கு, போடி பக்கத்துல குரங்கணியில மலையேறப் போனவங்க சிக்கினது இப்படி ஒரு புல் சரிவுலதான். 20 பேருக்கு மேல உயிரிழந்தாங்க. பைனுக்குத் தீ அவ்வளவு பெரிய எதிரி இல்ல. படுலாவோட கூம்புகள் சூடு பட்டா திறந்து விதையைக் கொட்டும். சோலை மரங்களுக்கு அந்தத் தந்திரம் தெரியாது.

சரி, நம்ம சொந்த மரம் எது? தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலைக் குடும்ப மரம், நாகேயா வாலிச்சியானா. போடோகார்பஸ்ங்கிறது பழைய பேர். அகத்தியமலை, நம்ம வருசநாட்டு மலைன்னு மேற்குத்தொடர்ச்சி மலையின் ஈரமான பசுமைமாறாக் காடுகள்ல அங்கொண்ணும் இங்கொண்ணுமா நிற்கும். ஊசியிலைச் சொந்தம்னாலும் இலை ஊசியா இருக்காது, அகலமாத்தான் இருக்கும். விதையும் மரக்கூம்புக்குள்ள இருக்காது. சதைப்பற்றான காம்பு மேல பழம் மாதிரி உட்கார்ந்திருக்கும். இதோட சொந்தக்காரங்க பெரும்பாலும் பூமியின் தென்பாதியில இருக்காங்க, கோண்டுவானா காலத்துத் தொடர்பு!

இதுல ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. ஏற்கெனவே சிதறி நிற்குற மரங்கள்ல ஒரு ஆண் மரத்தை வெட்டினா, அந்தப் பள்ளத்தாக்குல பெண் மரம் இருந்தும் விதை கிடைக்காமப் போகலாம். ஶ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டதால, வருசநாட்டுப் பக்கம் இதுக்கு ஒரு பாதுகாப்பு கிடைச்சிருக்கு.

அப்போ பைனை எல்லாம் ஒரே நாள்ல வெட்டிடலாமா? அதுவும் சிக்கல்தான். வெறும் சரிவுல மண் அரிக்கும், மண்ணுல தூங்கிட்டிருக்கும் வாட்டில் விதை முளைச்சு மொய்க்கும். வயசான தோட்டங்களுக்குள்ள, நிழல்ல, சோலைக்கன்றுகள் தானாக எழுந்து வர்றதும் உண்டு. அதனால எங்கே வெட்டணும், எங்கே விடணும்னு இடம் இடமாகப் பார்த்துத்தான் செய்யணும்.

மேகமலைப் பக்கம் அனுமதிக்கப்பட்ட வழியில போறப்போ, உதிர்ந்து கிடக்குற இலைகளைக் கவனிங்க. மாவிலையில இருக்குற மாதிரி நடுநரம்பு இல்லாம, மெல்லிய நரம்புகள் காம்பிலிருந்து நுனிவரை பக்கத்துல பக்கத்துல ஓடினா, அது நாகேயாவா இருக்க வாய்ப்பிருக்கு. போட்டோ எடுங்க, இலையை அங்கேயே விட்டுட்டு வாங்க.