வீட்டில் துப்பாக்கி இருந்தால் எங்கே வைப்பது?

பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

நம் அண்ணாமலையார் கோயில் மதிலை இன்று பக்தியோடு பார்க்கிறோம். 18ஆம் நூற்றாண்டில் அது கோட்டைச் சுவர். 1767 செப்டம்பரில் செங்கத்திலும், அதே மாதத்தில் நம் ஊரை ஒட்டியும் ஐதர் அலி, நிஜாம் படைகளோடு கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை மோதியது. அன்று துப்பாக்கி படைக்காரன் கையில் மட்டும் இருக்கவில்லை. பாளையக்காரர்களிடம் இருந்தது, ஊர்க் காவல்காரர்களிடமும் இருந்தது. லைசென்ஸ் என்ற பேச்சே கிடையாது.

1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, அதே ஆண்டு டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பாளையங்களில் ஆயுதம் கூடாது, கோட்டைகளை இடிக்க வேண்டும் என்றது அது. பிளாசி கிளைவின் மகன்தான் இவர். நாடு முழுமைக்குமான கெடுபிடி 1878இல், லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டத்தோடு வந்தது. இந்தியருக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. அந்த அவமானம்தான் நம் தலைவர்களை உறுத்தியது. 1887இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டிலேயே இச்சட்டத்தைப் பற்றித் தீர்மானம் போட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959இல் புதுச் சட்டம் வந்து, 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறையானது. லைசென்ஸ் முறை தொடர்ந்தது. இன்றும் பெரிய விலக்கு குடகர்களுக்குத்தான். செப்டம்பரில் அவர்கள் கொண்டாடும் கைல்போது பண்டிகையில் துப்பாக்கியைப் பூசை அறையில் வைத்து, குழல் முனையில் ஒரு பூவைச் செருகுவார்கள். 'தோக்குப் பூ' என்று பெயர். தோக்கு என்றால் துப்பாக்கி. அந்தப் பூ வேறெதுவும் இல்லை பிள்ளைகளே, நம் மாநிலப் பூவான செங்காந்தள்தான்!

இதையெல்லாம் நான் கிளற ஒரு காரணம் உண்டு. கலசபாக்கம் பக்கத்திலிருந்து பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அப்பா தவறி ஒரு மாதம். பயிரைக் காக்க அவர் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த ரெட்டைக்குழல் துப்பாக்கி, கூடத்தில் மான்கொம்பில் தொங்குகிறது. வீட்டில் ஐந்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு வாண்டுகள். "சார், நல்ல இரும்புப் பெட்டியா ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

பெட்டியைப் பிறகு பார்க்கலாம் தம்பி என்றேன். லைசென்ஸ் அப்பா பெயரில் இருந்தது. அவர் போனதும் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. 1959 சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி தாமதிக்காமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கினால் திரும்பப் பெறலாம், வேண்டாமென்றால் முறைப்படி விற்கலாம். 'அப்பா ஞாபகம்' என்று சுவரில் விட்டு வைத்தால் வழக்கு வரும். (மான்கொம்புக்கும் வனத்துறைச் சான்று வேண்டும். அது தனிக் கதை.)

2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் கேட்பவர் பயிற்சி பெற வேண்டும், பாதுகாப்பாக வைப்பேன் என்று எழுதியும் தர வேண்டும். 2019 திருத்தத்தில் ஒருவருக்கு மூன்று துப்பாக்கி வரை என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது, லைசென்ஸ் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாயிற்று.

லைசென்ஸ் கிடைத்த பிறகு பெட்டி. துணி பீரோ உதவாது. தகடு மெல்லிசு, ஒரு கடப்பாரைக்குத் தாங்காது. கனத்த தகட்டில், நிமிர்த்தி வைக்கும் உயரத்தில் பெட்டி வாங்கி, சுவரோடும் தரையோடும் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். இல்லையென்றால் திருடன் பெட்டியோடு தூக்கிப்போவான். தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில். எண் பூட்டு வாங்குபவர்கள் அவசரச் சாவியைப் பெட்டியின் தலைமேலேயே வைக்கிறார்கள். அதற்குப் பூட்டாமலே இருக்கலாம். உறையில் போட்டுப் பெட்டிக்குள் வைக்கவும் கூடாது, உறை ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

முக்கியமாக, எட்டு வயதுப் பையனுக்குத் தெரியாத சாவி இடம் எந்த வீட்டிலும் இல்லை. நாற்பது வருடம் அந்த வயதுப் பிள்ளைகளோடு இருந்தவன் சொல்கிறேன். சாவி உங்கள் இடுப்பில் இருக்க வேண்டும்.

ஜவ்வாது மலை உறவுகளுக்கும் ஒரு சொல். காட்டுப்பன்றித் தொல்லை எனக்குத் தெரியும். ஆனால் லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிக்கு எந்தப் பெட்டியும் பாதுகாப்பு இல்லை. அதில் மருந்தையும் ரவையையும் வாய்வழியாகக் கெட்டித்துவிட்டால் எடுப்பது கஷ்டம். அதனால் கெட்டித்தபடியே கூரையில் செருகி வைக்கிறார்கள். இறக்கும்போதோ பிள்ளைகள் தொடும்போதோ வெடிக்கும். தாமாக ஒப்படைப்பவர்கள் மீது வழக்கில்லை என்று காவல்துறை அவ்வப்போது அறிவிக்கிறது. அப்படி அறிவிக்கும்போது ஊர்ப் பெரியவர்களோடு போய்க் கொடுத்துவிடுங்கள்.

கலசபாக்கம் தம்பி நேற்று ரசீதைப் படம் எடுத்து அனுப்பினார். பெட்டி வாங்குவதா, விற்பதா என்று அவர் அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கிறார்.