ரேகை வைக்க மறுத்த ஊரும் நாடகம் போட்ட பிள்ளைகளும்

1871-இல் வெள்ளை அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. உசிலம்பட்டி முதல் கம்பம் பள்ளத்தாக்கு வரை வாழ்ந்த பிறமலைக் கள்ளர்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். திருடாதவனும் பிறந்த சாதிக்காகக் கைரேகை பதிய வேண்டும். இரவில் வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். அகமதாபாத்தின் சாராநகரில் வாழும் சாரா மக்களையும் இதே சட்டம்தான் வேலிக்குள் அடைத்தது.

இரண்டு இடத்திலும் எதிர்ப்பு எழுந்தது; எழுந்த விதம் வேறு. 1920 ஏப்ரல் 3 அன்று பிறமலைக் கள்ளர் ஊரான பெருங்காமநல்லூர் ரேகை வைக்க மறுத்தது. போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்று அவர்களுக்கு வேறு வழி திறந்திருக்கவில்லை. சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிய 1947 ஆயிற்று.

சட்டம் ஒழிந்த பிறகு வந்த சாராநகர் இளைஞர்களுக்கோ அரசியல் சாசனமும் நீதிமன்றமும் இருந்தன. 1998 பிப்ரவரியில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் புதன் சபர் என்பவர் போலீஸ் காவலில் இறந்தார். எழுத்தாளர் மகாசுவேதா தேவி தலைமையிலான அமைப்பு வழக்கை உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. சாராநகர் பிள்ளைகள் அதே ஆண்டு புதனின் கதையை நாடகமாக்கினார்கள்; புதன் தியேட்டர் பிறந்தது. பெரிய மேடையோ அலங்கார உடையோ கிடையாது. லத்தியடி கண்ட ஊரின் பிள்ளைகளே போலீஸாகவும் நடித்தார்கள்.

புதன், சாரா அல்ல. முகம் பார்த்திராத வேறொரு பழங்குடி. தன் சாதிக்காரன் அல்லாதவனின் சாவுக்கு நியாயம் கேட்டதுதான் அந்தப் பிள்ளைகளின் பெருமை. பெருங்காமநல்லூரின் நினைவோ நம்மிடம் பெரும்பாலும் ஒரு சாதியின் வீரக்கதையாகச் சுருங்கிவிட்டது. பள்ளி மாணவர் கையில் சாதிக்கயிறு ஏறியதை தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு சுட்டிக்காட்டும் நிலைமைக்கு வந்திருக்கிறோம்.

பெருங்காமநல்லூர்ப் போராட்டத்தை ஒட்டித் தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் இருக்கின்றன. அங்கே 1920-இன் கதையைச் சொல்ல வேண்டும். கூடவே மலையடிவாரத்துப் பளியர் பிள்ளை சாதிச் சான்றிதழுக்கு அலைவதையும், பக்கத்துத் தெருவின் தலித் பிள்ளை படும் அவமானத்தையும் பேச வேண்டும். பிறப்பை வைத்துக் குற்றவாளியாக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் பிறப்பை வைத்து எவரையும் தாழ்த்தக் கூடாது. பெருங்காமநல்லூரில் மாண்டவர்களுக்கு நாம் பட்ட கடன் அதுவே.